சந்தேகப்பேர்வழியின் திருநாட்டுப் பயணம்

திங்கள் – நேபோ மலை

அம்மானில் இறங்கியதும் முகம் கழுவக்கூட விடாமல் பஸ்ஸில் ஏற்றி மாதபாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே ஒரு கிரேக்கக் கிறிஸ்தவக் கோயிலின் தரையில், 6ஆம் நூற்றாண்டில் சின்னச் சின்ன வண்ணக் கற்களைப் பதித்துச் செய்த பாலஸ்தீன வரைபடம் இருக்கிறது. எருசலேம் முட்டை வடிவத்தில், நடுவே தூண் வரிசையோடு ஒரு தெரு. யோர்தானில் மீன்கள் நீந்துகின்றன. சவக்கடல் பக்கம் போய்விட்ட ஒரு மீன் மட்டும் உப்பு தாங்காமல் திரும்பி எதிர்நீச்சல் போடுகிறது. அதைச் செய்த ஆள் நல்ல குறும்புக்காரனாக இருந்திருக்க வேண்டும்.

அங்கிருந்து நேபோ பக்கம்தான். இஸ்ரவேலரை எகிப்திலிருந்து அழைத்துவந்த மோசே நின்று கானான் தேசத்தைப் பார்த்த மலை. தெளிவான நாளில் எருசலேம் தெரியும் என்கிறார்கள். இன்று ஒரே புழுதி மூட்டம். கீழே எரிகோவின் பச்சை கொஞ்சம் தெரிந்தது. எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது எனக்கு வேதத்தில் எண்ணாகமம் 20ஆம் அதிகாரம் ஞாபகம் வந்தது. தண்ணீர் தரும்படி பேசச் சொன்ன கன்மலைப் பாறையை மோசே கோலால் அடித்தார். 'நீ என்னை விசுவாசிக்கவில்லை' என்று கர்த்தர் சொல்லி, அந்த தேசத்துக்குள் நுழையவிடாமல் நிறுத்திவிட்டார். ஆக, அவிசுவாசத்துக்காக ஒருவரைத் தடுத்து நிறுத்திய இடத்திலிருந்து எங்கள் பயணம் ஆரம்பிக்கிறது. எனக்குப் பொருத்தமான இடம்தான்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். நான் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியன். சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத். கோயிலுக்குப் போவதை நான் நிறுத்தியதில்லை. பாடகர் குழுவில் பேஸ் பாடுகிறேன். ஆனால் சில வருஷமாக, பாட்டு வெறும் பாட்டாகத்தான் இருக்கிறது. சண்டே ஸ்கூல் வகுப்பை விட்டுவிட்டேன். செங்கடல் பிளந்தது என்று பிள்ளைகளிடம் சொல்லும்போது என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது. இந்தப் பயணத்துக்குப் பணம் கட்டியது அக்கா. "வாரியா, வரலியான்னு கேக்கல. பாஸ்போர்ட்ட எடுத்துக்கிட்டு வா" என்றாள். அவ்வளவுதான்.

அதனால் எனக்கு நானே ஒரு வேலை வைத்துக்கொண்டேன். போகிற வழியில் வேதத்தில் சந்தேகப்பட்டவர்கள் யார் யார் வருகிறார்கள், அவர்களை ஆண்டவர் எப்படிக் கையாண்டார் என்று பார்ப்பது.

செவ்வாய் – யோர்தான் ஆறு

இதுதானா யோர்தான்! அகலம் பத்து மீட்டர்கூடத் தேறாது. தேநீர் நிறத்தில், நாணலுக்கு நடுவே, நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாத தண்ணீர். மேலே இஸ்ரவேலும் யோர்தான் நாடும் சிரியாவும் போட்டி போட்டுக்கொண்டு அணை கட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டதால் இங்கே வருவது மிச்சம் மீதிதான். எதிர்க்கரையில் கல் படிகள். அங்கே வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு வேறொரு கூட்டம் முழுகிக்கொண்டிருந்தது. இரண்டு கரையிலும் துப்பாக்கியோடு சிப்பாய்கள். நடுவில் மிதக்கிற கயிறுதான் எல்லைக்கோடு. இந்தக் கரையை 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்திருக்கிறது.

இயேசு ஞானஸ்நானம் பெற்ற இடம் என்று எல்லாரும் உருகிக்கொண்டிருந்தார்கள். நான் நாகமானை நினைத்துக்கொண்டிருந்தேன். சிரிய ராணுவத் தளபதி, குஷ்டரோகி. தீர்க்கதரிசி எலிசா வெளியே வந்து முகங்கூடக் காட்டாமல், 'யோர்தானில் ஏழுதரம் ஸ்நானம்பண்ணு' என்று ஆளனுப்பிச் சொன்னபோது அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் தமஸ்குவின் ஆப்னாவும் பர்பாரும் இதைவிட நல்ல ஆறு இல்லையா என்றான். இந்தத் தண்ணீரைப் பார்த்த பிறகு அவன் கோபம் முழுக்க நியாயம் என்று படுகிறது. பாபநாசத்தில் தாமிரபரணியைப் பார்த்து வளர்ந்த எவனும் அதையேதான் சொல்வான். ஆப்னா என்பது இன்றைய பரதா நதி என்பார்கள். அதுவும் இப்போது மெலிந்து அழுக்கேறிக் கிடக்கிறதாம். தாமிரபரணி திருநெல்வேலியைத் தாண்டும்போது எப்படி இருக்கிறது என்று நமக்கும் தெரியும். அது வேறு கதை.

நாகமானுக்கு யாரும் விளக்கம் சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். ஏன் யோர்தான், ஏன் ஏழு தரம், தண்ணீருக்குள் என்ன இருக்கிறது, ஒன்றுமில்லை. வேலைக்காரர்கள் வந்து, 'பெரிய காரியம் ஒன்றைச் செய்யச் சொல்லியிருந்தால் செய்திருப்பீர்தானே, இதைச் செய்தால் என்ன' என்று நயமாகக் கேட்டார்கள். அவன் நம்பிக்கையோடு இறங்கினான் என்று வேதம் எங்கேயும் சொல்லவில்லை. இறங்கினான். முழுகினான். 'இஸ்ரவேலின் தேவனைத் தவிர வேறே தேவன் இல்லை' என்ற பேச்செல்லாம் கரையேறித் துடைத்துக்கொண்ட பிறகுதான்.

"என்னல முழிக்க? இறங்கு" என்றாள் அக்கா. இறங்கினேன். கால் சேற்றில் புதைந்தது, தண்ணீர் ஜில்லென்று இருந்தது. வேறு விசேஷம் இல்லை.

மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கு வழியாக வடக்கே போய் ஷேக் உசேன் பாலத்தில் எல்லையைத் தாண்டி இஸ்ரவேலுக்குள் வந்தோம். அங்கே கழிந்த நேரத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. அக்காவின் பையிலிருந்த கருப்பட்டி மிட்டாயை ஒரு பெண் அதிகாரி திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

புதன் – ஆரோத் ஊற்று, சூனேம், நாயீன்

இன்று நிறைய எழுத வேண்டும். தூக்கமும் வரவில்லை.

காலையில் கில்போவா மலையடிவாரம். ஒரு சின்னக் குகைக்குள்ளிருந்து ஊற்று வருகிறது. இதுதான் ஆரோத் என்கிறார்கள். சுற்றிலும் புல்தரை, மரநிழல், குடும்பமாகப் பாய் விரித்துச் சாப்பிடுகிறவர்கள். 1260இல் மங்கோலியப் படையை எகிப்தின் மம்லுக்குகள் தோற்கடித்த ஐன் ஜாலூத் என்பதும் இதே ஊற்றுப் பக்கம்தான். ஆனால் எங்கள் கூட்டம் வந்தது கிதியோனுக்காக.

கிதியோன்தான் என் ஆள். விளைச்சலைக் கொள்ளையிட வரும் மீதியானியருக்குப் பயந்து, திராட்சை ஆலைக்குள் ஒளிந்துகொண்டு கோதுமை போரடிக்கிறவனிடம் தேவதூதன் வந்து 'பராக்கிரமசாலியே, கர்த்தர் உன்னோடே இருக்கிறார்' என்கிறான். அதற்கு அவன் கேட்ட கேள்விக்கு நிகரான கேள்வி வேதத்திலேயே குறைவு: 'கர்த்தர் எங்களோடே இருந்தால், இவையெல்லாம் எங்களுக்கு நேரிடுவானேன்?' மூவாயிரம் வருஷத்துக்கு மேலாக எல்லா ஆஸ்பத்திரி வராந்தாவிலும் கேட்கப்படுகிற கேள்வி. பதில் என்ன? 'உனக்கு இருக்கிற இந்தப் பலத்தோடே போ.' இது எந்தப் பரீட்சையிலும் மார்க் வாங்காத பதில். கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று. ஆனால் நாகமானுக்கும் இதேதான் நடந்தது. விளக்கம் கேட்டவனுக்கு வேலை கிடைத்தது.

அப்புறம் அந்த ஆட்டுத்தோல், கர்த்தர் தன்னைக்கொண்டு இஸ்ரவேலை மீட்பாரா என்று சோதிக்க அவன் களத்தில் விரித்தது. இதை நான் வகுப்பிலேயே சொன்னதுண்டு. முதல் ராத்திரி பனியில் தோல் நனைந்து தரை காய்ந்திருக்க வேண்டும் என்று கேட்டான். அப்படியே ஆயிற்று, பிழிந்தால் ஒரு கிண்ணம் தண்ணீர். ஆனால் கம்பளி காற்றின் ஈரத்தை உறிஞ்சும், களத்துத் தரை சீக்கிரம் காய்ந்துவிடும். அது தானாகவேகூட நடக்கலாம். இது அவனுக்கும் உறைத்திருக்க வேண்டும். அதனால்தான் மறுநாள் தலைகீழாகக் கேட்டான்: தோல் மட்டும் காய்ந்து, தரையெல்லாம் நனைந்திருக்கட்டும். நல்ல பரிசோதகன் இப்படித்தான் செய்வான். கேட்கும்போது, 'கோபித்துக்கொள்ளாதேயும்' என்று பயந்து பயந்து கேட்கிறான். ஆண்டவர் கோபித்துக்கொள்ளவில்லை.

பிறகு இந்த ஊற்றங்கரையில் முறை மாறுகிறது. மீதியானியரோடு சண்டைக்குத் திரண்ட 32,000 பேரில் பயந்தவர்கள் போகலாம் என்றதும் 22,000 பேர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். மிச்சம் 10,000. தண்ணீரைக் கையால் அள்ளி நக்கிக் குடித்தவர்கள் 300 பேர், அவர்கள் போதும். இவ்வளவு நாள் கிதியோன் ஆண்டவரைச் சோதித்தான், இப்போது அவர் அவன் கணக்கைப் பதம் பார்க்கிறார். அதோடு விடவில்லை. 'போகப் பயமாக இருந்தால் வேலைக்காரனைக் கூட்டிக்கொண்டு பாளயத்துக்கு இறங்கிப் போய் ஒட்டுக்கேள்' என்கிறார். போனான், அங்கே ஒரு மீதியானியன் தன் சொப்பனத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஒரு வாற்கோதுமை அப்பம் உருண்டு வந்து கூடாரத்தைக் கவிழ்த்துவிட்டதாம்! கேட்காமலே கொடுத்த மூன்றாவது அடையாளம். அதுவும் எதிரியின் வாயிலிருந்து, ஒரு ரொட்டி வடிவத்தில். ஊற்றங்கரையில் நின்று வடக்கே பார்த்தால் மோரே மேடு தெரிகிறது. அந்தப் பாளயம் அங்கேதான்.

சாப்பாட்டுக்குப் பிறகு பஸ் அந்த மேட்டைத்தான் சுற்றியது. தெற்குச் சரிவில் சூலாம் என்றொரு அரபு கிராமம், வேதத்தின் சூனேம். வடக்குச் சரிவில் நாயீன். நடுவே ஒரே ஒரு மேடு. தெற்கே எலிசா சூனேமியாளின் மகனை உயிரோடே எழுப்பினார். எண்ணூறு வருஷம் கழித்து வடக்கே இயேசு விதவையின் மகனைப் பாடையிலிருந்து எழுப்பினார். நாயீன் ஜனங்கள் 'மகா தீர்க்கதரிசி எழும்பியிருக்கிறார்' என்று கத்தியதற்குக் காரணம் இந்த மேடுதான். அந்தப் பக்கத்துக் கதை அவர்கள் பாட்டிமார் சொல்லிக் கேட்டது.

அக்கா பஸ்ஸில் வாயே திறக்கவில்லை. அவள் மகன் மூளைக்காய்ச்சலில் போனான். படித்து முடித்து வேலைக்குச் சேரவேண்டிய வயசு. சபையே உபவாசமிருந்து ஜெபித்தது. நானும்தான். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்க ஆரம்பித்தது அதற்குப் பிறகு.

நாயீனில் கோயில் பூட்டியிருந்தது. எதிர்வீட்டிலிருந்து முக்காடு போட்ட ஒரு பெண், கையில் மாவு ஒட்டியிருக்க, சாவியோடு வந்து திறந்துவிட்டார். உள்ளே ஒரு பீடம், சில பெஞ்சுகள், சுவரில் அந்தக் காட்சியின் படம். சுண்ணாம்பு வாசனை. குருவானவர் லூக்கா 7 வாசித்து ஜெபித்தார். எல்லாரும் வெளியே போனபிறகும் அக்கா உட்கார்ந்தே இருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இந்த அம்மா ஒண்ணுமே கேக்கலியேல" என்றாள்.

உண்மைதான். நாயீன் விதவை கேட்கவில்லை, நம்பவில்லை, அவர் யாரென்றுகூட அவளுக்குத் தெரியாது. அவர்தான் பார்த்தார், மனதுருகினார், 'அழாதே' என்றார்.

"கேக்காதவளுக்குக் கெடச்சுது. கேட்ட எனக்குக் கெடைக்கல. இத நான் அவர்ட்ட தெனமும் கேக்கத்தான் செய்யேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்காவுக்குச் சந்தேகமே கிடையாது என்றுதான் இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். "பதில் வந்துச்சாக்கா?"

"வரல. அதுக்காவ பேச்ச நிப்பாட்டுவாங்களா?" எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். "அந்தச் சூனேம்காரி என்ன செஞ்சா? கழுதையில ஏறிப் போயி எலிசா கால இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, 'எனக்கு மகன் வேணும்னு நான் கேட்டேனா'ன்னு சண்டைதான போட்டா. போற வழியில கேட்டவங்களுக்கு மட்டும் சுகந்தான், சுகந்தான்னா. நானும் அப்பிடித்தான்."

சாவி கொண்டுவந்த பெண்ணுக்கு அக்கா முந்திரிக்கொத்துப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தாள். அந்தப் பெண் ஒன்றைக் கடித்துப் பார்த்து, பச்சைப்பயறு மாவைத் தடவிப் பார்த்து, அரபியில் ஏதோ கேட்டார். அக்கா தமிழில் செய்முறை சொன்னாள். இரண்டு பேருக்கும் புரிந்த மாதிரிதான் இருந்தது.

சாயங்காலம் நாசரேத். எங்கள் ஊர்ப் பெயர்ப்பலகையைப் பார்த்துக் கூட்டமே கை தட்டியது. 'நாசரேத்திலிருந்து யாதொரு நன்மை உண்டாகக்கூடுமா' என்ற வசனத்தைச் சொல்லிச் சின்ன வயசிலிருந்தே பக்கத்து ஊர்க்காரர்கள் எங்களைக் கேலி செய்வார்கள். கேட்டவன் நாத்தான்வேல், இங்கிருந்து கூப்பிடு தூரத்து கானா ஊர்க்காரன். இயேசுவைப் பற்றி அவனிடம் சொன்ன சீஷன் பிலிப்பு அவனோடு வாதம் பண்ணவில்லை. 'வந்து பார்' என்றான்.

வியாழன் – கலிலேயா

கடல் என்கிறோம், உண்மையில் ஏரி. நீளம் 21 கிலோமீட்டர், அகலம் 13. கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே, சுற்றிலும் மேடு. மேலேயிருந்து குளிர்ந்த காற்று பள்ளத்தாக்குகள் வழியாக இறங்கினால் நொடியில் அலை எழும்பும். இன்று அலை இல்லை. படகில் நம் தேசியக்கொடி ஏற்றி ஜனகணமன போட்டார்கள். குருவானவர், பேதுரு கடலில் நடந்ததைப் பிரசங்கித்தார். சந்தேகப்பட்ட பேதுருவாவது இறங்கினான், மற்ற பதினோரு சீஷர்கள் படகிலேயே இருந்தார்கள் என்ற குறிப்பு எல்லாப் பிரசங்கத்திலும் வரும், இதிலும் வந்தது.

எனக்குப் படகே போதுமானதாக இருந்தது. 1986இல் பெரிய வறட்சி. ஏரி உள்வாங்கியபோது, கின்னோசார் ஊர் சகோதரர்கள் இரண்டு பேர் சேற்றில் ஒரு படகின் விளிம்பைக் கண்டுபிடித்தார்கள். இரண்டாயிரம் வருஷத்துப் படகு. 8 மீட்டருக்குக் கொஞ்சம் கூட நீளம். காற்றுப் பட்டால் பொடிந்துவிடும் என்று நுரையால் மூடி, அதை அப்படியே மிதக்கவிட்டுக் கரைக்குக் கொண்டுவந்து, பல வருஷம் மெழுகுக் கரைசலில் ஊறப்போட்டார்கள். இப்போது கண்காட்சியில் இருக்கிறது. பன்னிரண்டு வகை மரத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். பழைய படகுகளைப் பிரித்த பலகை, கிடைத்த கட்டை, எல்லாம். பேதுருவின் படகு இதுதான் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இப்படி ஒட்டுப் போட்ட படகிலிருந்துதான் ஒருவன் ராத்திரியில் புயலுக்கு நடுவே காலை வெளியே வைத்தான் என்பதை அதன் முன்னால் நின்றபோதுதான் உணர்ந்தேன். 'அற்பவிசுவாசியே, ஏன் சந்தேகப்பட்டாய்' என்று அவர் கேட்டது கையைப் பிடித்துத் தூக்கிய பிறகு. முதலில் கை, பிறகுதான் கேள்வி.

மதியம் பேதுரு மீன் என்று தலையோடு முழுசாகப் பொரித்து உருளைக்கிழங்கோடு வைத்தார்கள். டாலரில் காசு. பார்த்தால் நம்ம ஜிலேபிக் கெண்டை! அக்கா எலுமிச்சை ஊறுகாயை எடுத்தாள். மேஜையில் எல்லாக் கையும் அந்தப் பாட்டிலை நோக்கி நீண்டது.

இயேசு ஐந்து அப்பத்தாலும் இரண்டு மீனாலும் ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடு போட்டதை நினைவுகூரும் தப்கா கோயிலில் 5ஆம் நூற்றாண்டுத் தரைச் சித்திரம்: இரண்டு மீன், நடுவே கூடையில் அப்பம். அப்பங்களை எண்ணினால் நாலுதான். ஐந்தாவது பீடத்தின் மேல் இருக்கிறது என்பார்கள். பிலிப்பு இங்கேதான் கணக்குப் போட்டான். 'இருநூறு பணத்து அப்பங்களும் போதாதே.' ஒரு பணம் அன்றைய ஒரு நாள் கூலி. கணக்கு சரியான கணக்கு. அந்திரேயா ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் காட்டி, இது எந்த மூலைக்கு என்றான். இயேசு இருவருக்கும் பதில் சொல்லாமல், ஜனங்களை உட்காரவையுங்கள் என்றார். இதோ, மறுபடியும்! அந்த ஐயாயிரம் பேரைப் பந்தி பந்தியாக உட்காரவைத்துக்கொண்டு போகும்போது பிலிப்பு மனசில் என்ன ஓடியிருக்கும்? எங்கள் ஊர் அசன விருந்தில் சோறு பத்தாது என்று தெரிந்தும் இலை போட்டுக்கொண்டே போகிற பையன் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

வெள்ளி – எரிகோ

யோசுவாவின் ஆட்கள் சுற்றிவந்து ஆரவாரித்ததும் மதில் விழுந்தது என்று வேதம் சொல்லும் எரிகோவில் என் சந்தேகம் தலைதூக்கியது. மறைத்து எழுத எனக்கு வராது. 1930களில் அகழ்வாய்வாளர் ஜான் கார்ஸ்டாங் தோண்டியபோது யோசுவா காலத்து மதிலைக் கண்டுவிட்டதாகச் சொன்னார். 1952 முதல் 1958 வரை தோண்டிய கேத்லீன் கென்யன், அந்த மதில் அதைவிட மிகப் பழையது, நகரம் அழிந்தது கி.மு. 1550 வாக்கில், யோசுவா வந்ததாகச் சொல்லப்படும் காலத்தில் இங்கே மதிலுள்ள பட்டணமே இல்லை என்றார். மறுத்து வாதிடுகிறவர்கள் இன்றும் உண்டு. அகழ்வாய்வாளர்களில் பெரும்பாலோர் கென்யன் பக்கம்.

கூட்டத்தில் இதை யாரும் பேசவில்லை. மேட்டைச் சுற்றிவந்து ஆரவாரித்தார்கள். நானும் சுற்றினேன். இந்தக் கேள்வி எரிகோவில் தீராது, எனக்கும் இன்று தீரவில்லை. அதோடு விட்டுவிட்டு பேரீச்சம்பழம் வாங்கினேன். நல்ல பழம்.

சனி – எருசலேம்

ஓய்வுநாள் என்பதால் ஓட்டலில் ஒரு லிஃப்ட் தானாகவே எல்லா மாடியிலும் நின்று நின்று போகிறது. பொத்தானை அழுத்துவதும் வேலையாம்.

பெதஸ்தா குளம் பார்த்தோம். அதற்கு ஐந்து மண்டபம் என்று யோவான் தன் சுவிசேஷத்தில் எழுதியதை நம்பாத அறிஞர்கள் 19ஆம் நூற்றாண்டில் இருந்தார்கள். தோண்டியபோது பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குளம் கிடைத்தது: நாலு பக்கம் நாலு மண்டபம், நடுச்சுவரில் ஐந்தாவது. நேற்று எரிகோவில் ஒன்று போனது, இன்று ஒன்று வந்தது. பக்கத்து அன்னாள் கோயிலில் எதிரொலி அபாரம். கீர்த்தனை பாடினோம், எங்கள் குரல் எங்களுக்கே பிடித்துவிட்டது. ஒலிவமலையில் பல மொழிகளில் கர்த்தருடைய ஜெபத்தைப் பதித்திருக்கும் கோயிலில் தமிழ்ப் பலகையைத் தேடிப்பிடித்து ஆளுக்கொரு செல்ஃபி.

மதியத்துக்கு மேல் ஐன் கரேம், யோவான்ஸ்நானனின் அப்பா சகரியாவின் ஊர். இங்கே என் கணக்கு இடிக்கிறது. கிழவனான தனக்குப் பிள்ளையா, 'இதை நான் எதினால் அறிவேன்' என்று தேவதூதனிடம் கேட்ட சகரியாவுக்கு வேலையும் கிடைக்கவில்லை, விளக்கமும் கிடைக்கவில்லை, வாய் அடைத்துப்போனது. கிதியோன் கேட்டதும் இதே அடையாளம்தானே? குருவானவரிடம் கேட்டேன். "அவர் ஆசாரியன், சார். கிழவயசில் பிள்ளை பெற்ற ஆபிரகாம் சாராள் கதையை வருஷம் பூரா வாசிக்கிறவர். கிதியோனுக்கு அந்தச் சலுகை உண்டு, இவருக்கு இல்லை" என்றார். பாதி ஒத்துக்கொண்டேன். பத்து மாதம் பேசாமல் இருப்பதும் ஒரு வேலைதான் என்று அக்கா சொன்னாள். என்னைப் பார்த்துச் சொன்னாள்.

ஞாயிறு – சீலோவாம், மேல்வீட்டறை

எசேக்கியா ராஜாவின் சுரங்கத்தில் நடந்தேன். நீளம் 533 மீட்டர், 2700 வருஷப் பழமை. கியோன் ஊற்றின் தண்ணீர் அதே பாதையில் இன்றும் ஓடுகிறது. முழங்காலளவு, சில இடத்தில் அதற்கும் மேலே. கைவிளக்கை அணைத்தால் கண்ணைத் திறந்திருப்பதும் மூடியிருப்பதும் ஒன்றுதான். அசீரியப் படை வருமுன் ஊற்றை ஊருக்குள் கொண்டுவர இரண்டு முனையிலிருந்தும் ஒரே நேரத்தில் பாறையை வெட்டினார்கள். பாதை நேராக இல்லை, வளைந்து வளைந்து போகிறது. ஆனாலும் சந்தித்தார்கள். 1880இல் சுவரில் கிடைத்த கல்வெட்டில் அதைச் சொல்லியிருக்கிறார்கள்: இன்னும் மூன்று முழம் மிச்சமிருந்தபோது, பாறைக்கு அந்தப்பக்கம் ஒருவனை ஒருவன் கூப்பிடுகிற குரல் கேட்டதாம். கல்வெட்டு இப்போது இஸ்தான்புல்லில். சந்தித்த இடத்தில் உளித்தடம் திசை மாறுவதைத் தடவிப் பார்த்தேன். இடதுபக்கம் சாய்ந்து வந்த கோடுகள் சட்டென்று வலதுபக்கம் சாய்கின்றன. கூரையும் அங்கே ஒரு படி இறங்குகிறது. விளக்கம் கேட்டுக்கொண்டு நிற்காமல் இருட்டில் வெட்டிக்கொண்டே போனவர்கள் அவர்கள்.

சுரங்கம் முடிகிற இடத்துக்குக் கீழே சீலோவாம் குளம். வெகுகாலம் வேறொரு சின்னக் குளத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். 2004இல் சாக்கடைக் குழாய் வேலைக்குத் தோண்டியபோது இயேசு காலத்துப் படிக்கட்டு வெளியே வந்தது. பிறவிக்குருடன் கண்ணில் இயேசு சேற்றைப் பூசி, போய்க் கழுவு என்று அனுப்பிய குளம். தேவாலயப் பக்கத்திலிருந்து இங்கே நல்ல இறக்கம். குருடன், அதுவும் கண்ணில் சேற்றோடு, சந்து சந்தாகக் கேட்டுக் கேட்டு இறங்கி வந்திருக்கிறான். அவன் கழுவியது இயேசு யாரென்று தெரியாமலே. 'விசுவாசிக்கிறேன்' என்று அவன் சொல்வது அதிகாரத்தின் கடைசியில்.

இயேசு சீஷர்களோடு கடைசியாகப் பந்தியிருந்த மேல்வீட்டறை என்று காட்டுவது சிலுவைப்போர்க் காலத்துக் கட்டடம். கூரான வளைவுகள், ஒரு சுவரில் தொழுகை மாடம். ஒரு காலத்தில் பள்ளிவாசலாக இருந்தது. அந்த அறை இதுவே என்று நினைத்துக்கொள்ள ஒன்றும் உதவி செய்யாது. ஆனாலும் தோமா ஞாபகம் வந்தார். பரங்கிமலை, சின்னமலை என்று சென்னைக்காரர்கள் தங்கள் ஆளாக்கிக்கொண்ட தோமா. உயிர்த்தெழுந்த இயேசுவைப் பார்த்த மற்ற சீஷர்கள் 'கர்த்தரைக் கண்டோம்' என்றபோது, காயத்தில் விரலை வைத்தாலொழிய நம்பமாட்டேன் என்றார். அடுத்த வரி: எட்டு நாளைக்குப் பின்பு தோமாவும் அவர்களோடே இருந்தார். இத்தனை வருஷத்தில் நான் நின்று வாசிக்காத வரி இது. நம்பாதவர் கூட்டத்தைவிட்டுப் போகவில்லை. நம்பியவர்களும் அவரைத் துரத்தவில்லை. எட்டு நாள் ஒரே பந்தியில் சாப்பிட்டிருக்கிறார்கள். நான் பேஸ் பாடிக்கொண்டிருந்த வருஷங்களை இனி அவ்வளவு கேவலமாக நினைக்கமாட்டேன்.

இயேசு வந்து விரலை நீட்டச் சொன்னார். தோமா தொட்டார் என்று வேதம் சொல்லவில்லை. 'என் ஆண்டவரே, என் தேவனே' என்று மட்டும் சொன்னார். அந்த வசனத்தை எல்லாரும் சேர்ந்து சத்தமாக வாசிக்கும்படி குருவானவர் கேட்டார். வாசித்தேன். என் குரல் எனக்குப் பொய்யாகக் கேட்கவில்லை. ஏன் என்று என்னைக் கேட்டால் விளக்கம் கிடையாது.

திங்கள் – எம்மாவு, பிறகு விமான நிலையம்

உயிர்த்தெழுந்த இயேசு இரண்டு பேரோடு வழிநடந்து போன எம்மாவு எது என்பதில் நாலு ஊர் போட்டி. எங்களை அபூகோஷுக்குக் கூட்டிப்போனார்கள். 12ஆம் நூற்றாண்டுக் கோயில், நிலவறைக்குள் ஒரு ஊற்று, சுவரெல்லாம் முகம் சுரண்டப்பட்ட ஓவியங்கள். 'அவரே இஸ்ரவேலை மீட்டு இரட்சிப்பவரென்று நம்பியிருந்தோம்' என்று சொல்லிக்கொண்டு ஊர் திரும்பிய இரண்டு பேரின் கதை. இங்கே மட்டும் ஆண்டவர் விளக்கம் சொல்கிறார். மோசே தொடங்கி எல்லாவற்றையும், வழி முழுக்க. அப்போதும் அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. அப்பத்தைப் பிட்டபோதுதான் தெரிந்தது. ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு இது கொஞ்சம் மனவருத்தம் தரும் பகுதி.

எரிகோ இன்னும் தொண்டையில் நிற்கிறது. அக்கா மகன் விஷயத்திலும் எனக்குப் பதில் வரவில்லை. நேற்று ராத்திரி அதை நேராக அவரிடமே கேட்டேன். பல வருஷத்துக்குப் பிறகு. இனிமேலும் கேட்பதாக இருக்கிறேன்.

பஸ்ஸில் குருவானவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சார், சண்டே ஸ்கூல்ல எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆள் இல்ல. ஜூன்லேருந்து எடுக்கீங்களா?" என்று கேட்டார். முன் சீட்டில் அக்கா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஏற்பாடு என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. சரி என்றேன். பாடத்திட்டத்தில் முதல் பாடம் படைப்பு. நான் கிதியோனிலிருந்து ஆரம்பிக்கப்போகிறேன். ஒரு ஆட்டுத்தோல் வேண்டும். சாத்தான்குளம் சந்தையில் கிடைக்கும் என்கிறாள் அக்கா. எங்கள் ஊர்ப் பனி அதற்குப் போதுமா என்றுதான் தெரியவில்லை. மார்கழி வரை காத்திருந்து பிள்ளைகளோடு பள்ளிக்கூட மைதானத்தில் விரித்துப் பார்க்க வேண்டும்.